கேண்டிடாவின் குரோமோசோம் மாற்றங்கள்: ஜெல் ஓட்டுவதா, சீக்வென்ஸ் செய்வதா?

ஒரே நோயாளியிடமிருந்து சில மாத இடைவெளிகளில் எடுத்த கேண்டிடா அல்பிகன்ஸ் ஸ்ட்ரெயின்கள் பத்துப் பன்னிரண்டு உங்கள் ஃப்ரீசரில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் எடுத்தது ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்கியது. கடைசியில் எடுத்தது அந்த மருந்தைச் சட்டையே செய்யவில்லை. நடுவில் குரோமோசோம் அளவில் ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகம். ஆய்வகக் கூட்டத்தில் இதைச் சொன்னால் உடனே வரும் யோசனை, "முழு ஜீனோமையும் சீக்வென்ஸ் பண்ணிடலாமே" என்பதுதான். பண்ணலாம். ஆனால் எந்த வகைச் சீக்வென்சிங், அதில் எதைத் தேடப் போகிறோம் என்று கேட்டால் பேச்சின் வேகம் கொஞ்சம் குறையும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா ஸ்ட்ரெயினுக்கும் டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் ஷார்ட்-ரீட் சீக்வென்சிங், சந்தேகத்துக்குரிய நாலைந்துக்குக் குரோமோசோம்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் பழைய பாணி ஜெல், அதிலும் விடை கிடைக்காத ஒன்றிரண்டுக்கு மட்டும் நீண்ட துண்டுகளாகப் படிக்கும் லாங்-ரீட். இந்த வரிசையை மாற்ற வேண்டிய சூழ்நிலைகளும் உண்டு. மாற்ற வைப்பது பெரும்பாலும் இந்த ஈஸ்ட்டின் ஜீனோமில் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. வரிசைகள். அவற்றை மீள்வரிசை என்றே இங்கே சொல்கிறேன்.

கேண்டிடா அல்பிகன்ஸ் நம் வாயிலும் குடலிலும் சாதாரணமாக வாழும் ஈஸ்ட். எதிர்ப்புச் சக்தி சரிந்தால் ரத்தத்தில் ஏறி உயிரையே எடுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சை நோய்க்கிருமிப் பட்டியலில் மிக அவசரக் கவனம் தேவைப்படும் நான்கில் இதுவும் ஒன்று. எட்டு ஜோடிக் குரோமோசோம்கள்: 1 முதல் 7 வரை, அப்புறம் ஆர். மிகப் பெரியதான குரோமோசோம் 1 சுமார் 3.2 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்து, கிலோபேஸ் என்பது ஆயிரம்), மிகச் சிறியதான 7 சுமார் 0.95 மெகாபேஸ். ஒரு செட் கிட்டத்தட்ட 14.3 மெகாபேஸ். ஒரு குரோமோசோம் கூடினாலோ குறைந்தாலோ பல உயிரினங்கள் படுத்துவிடும்; இது தாங்கிக்கொள்ளும், சில சமயம் அதனாலேயே பிழைக்கும். சோர்போஸ் என்ற சர்க்கரையில் இந்த ஈஸ்ட் சாதாரணமாக வளராது. குரோமோசோம் 5இன் ஒரு பிரதியை இழந்த செல்கள் வளர்ந்துவிடுகின்றன என்பது 1998லேயே வெளிவந்த செய்தி.

மருந்து எதிர்ப்புக்கும் இதே குரோமோசோம்தான் பேர்போனது. 2006இல் மினசோட்டாவில் ஜூடித் பெர்மனின் ஆய்வகத்திலிருந்து அன்னா செல்மெக்கியும் மற்றவர்களும் ஒரு விசித்திர அமைப்பை வெளியிட்டார்கள். குரோமோசோம் 5இன் இடது கை இரண்டு ஒன்றோடொன்று முதுகு ஒட்டிக்கொண்டு ஒரு தனிக் குரோமோசோமாக நிற்கிறது. ஐசோகுரோமோசோம் 5எல் என்பார்கள். இடது கையில்தான் ஃப்ளூகோனசோலின் இலக்கான இ.ஆர்.ஜி.11 ஜீனும், மருந்தை வெளியே தள்ளும் பம்புகளை முடுக்கிவிடும் டி.ஏ.சி.1 ஜீனும் இருக்கின்றன. இந்த ஐசோகுரோமோசோம் ஒன்று சேர்ந்தால் இரண்டு ஜீனுக்கும் தலா இரண்டு கூடுதல் பிரதிகள் கிடைத்துவிடும். இது எப்படி உருவாகிறது என்று பார்த்தால் அங்கேயும் மீள்வரிசை. செல் பிரியும்போது குரோமோசோமை இழுத்துச் செல்லப் பிடியாக இருக்கும் இடம் சென்ட்ரோமியர். இந்த ஈஸ்ட்டின் சென்ட்ரோமியர்கள் ஒவ்வொன்றும் சுமார் 3 கிலோபேஸ்தான், எட்டுக்கும் எட்டு விதமான வரிசை. கௌஸ்துவ் சன்யாலும் ஜான் கார்பனும் அதைக் காட்டியது 2000களின் தொடக்கத்தில். சன்யால் பிறகு பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் இந்த வேலையைத் தொடர்ந்தார். மனிதச் சென்ட்ரோமியர் போல நீண்ட மீள்வரிசை இங்கே கிடையாது. ஆனால் குரோமோசோம் 5இன் சென்ட்ரோமியருக்கு இருபுறமும் ஒன்றுக்கொன்று தலைகீழான ஒரு ஜோடி வரிசை இருக்கிறது. அவை இரண்டும் தமக்குள் கலந்துகொள்ளும்போது பிறப்பதுதான் ஐசோகுரோமோசோம்.

இதைவிடப் பெரிய மீள்வரிசை எம்.ஆர்.எஸ். எனப்படும் பெருமீள்வரிசை. குரோமோசோம் 3 தவிர மற்ற எல்லாவற்றிலும் முழு வடிவில் இருக்கிறது. மூன்று பகுதிகள்: ஒரு பக்கம் சுமார் 6 கிலோபேஸ் ஆர்.பி.2, மறுபக்கம் சுமார் 8 கிலோபேஸ் ஹோக், நடுவில் சுமார் 2 கிலோபேஸ் நீளமுள்ள ஆர்.பி.எஸ். ஒன்றன்பின் ஒன்றாகப் பலமுறை. இந்த நடுப்பகுதிதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின், குரோமோசோமுக்குக் குரோமோசோம், ஏன், ஒரே ஜோடியின் இரண்டு பிரதிகளுக்கு இடையிலேயே ஆர்.பி.எஸ். எண்ணிக்கை மாறும். ஒன்றில் நாலு, அதன் ஜோடியில் இருபது என்று இருந்தால் அந்த இரண்டுக்கும் 30 கிலோபேஸுக்கு மேல் நீள வித்தியாசம் வந்துவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். அதன் விளைவுகளைத் துருவியவர்களில் மினசோட்டாவின் பால் மகீ குழு முக்கியமானது. 2005இல் அவர்கள் கண்டது: ஒரு ஜோடியில் எந்தப் பிரதியின் எம்.ஆர்.எஸ். நீளமாக இருக்கிறதோ அந்தப் பிரதிதான் அதிகம் தொலைந்துபோகிறது. இதையடுத்து எம்.ஆர்.எஸ்.தான் மறுசேர்க்கைக்கான, அதாவது டி.என்.ஏ. இழைகள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வதற்கான, சூடான இடமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அடுத்த வருடம் அவர்களே சோதித்துப் பார்த்தார்கள்; சாதாரண செல் பிரிவின்போது அப்படியொன்றும் கூடுதல் மறுசேர்க்கை தெரியவில்லை. ஆனாலும் டபிள்யூ.ஓ.-1 என்ற புகழ்பெற்ற ஸ்ட்ரெயினில் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட மூன்று இடங்களும் எம்.ஆர்.எஸ்.சிலோ அதை ஒட்டியோதான் இருக்கின்றன. அரிதாக நடக்கிறது, நடந்தால் பெரிதாக நடக்கிறது.

இன்னும் இரண்டு இடங்கள். குரோமோசோம் ஆர்-இல் ரைபோசோம் ஜீன்கள் வரிசை கட்டி நிற்கின்றன, யூனிட்டுக்குச் சுமார் 12 கிலோபேஸ். குரோமோசோம் நுனிகளில் டி.எல்.ஓ. என்ற ஜீன் குடும்பம் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்கிறது. அப்புறம் 2019இல் செல்மெக்கி குழு ஜீனோம் முழுக்கத் தேடிப் பார்த்தபோது, பேர் பெற்ற இந்த மீள்வரிசைகள் மட்டுமின்றிச் சாதாரண ஜீன் குடும்பங்களுக்குள் இருக்கும் நீண்ட ஒற்றுமைப் பகுதிகளும் உடைப்புப் புள்ளிகளாக இருப்பது தெரிந்தது. எம்.ஆர்.எஸ்.சை மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிட முடியாது.

முதலில் பழைய ஆளைப் பார்ப்போம். செஃப் ஜெல் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் துடிப்புப் புல மின்பகுப்பு. சாதாரண அகரோஸ் ஜெல்லில் ஓர் அளவுக்கு மேல் பெரிய டி.என்.ஏ. எல்லாம் ஒரே வேகத்தில் நகரும். மின்புலத்தின் திசையை அடிக்கடி மாற்றினால் பெரியது திரும்புவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அதனால் பின்தங்கும். ஷ்வார்ட்ஸும் கான்டரும் 1984இல் இதை ஈஸ்ட்டில் செய்து காட்டினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் அறுகோண மின்முனை அமைப்பு 1986இல் வந்தது.

வேலை எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். இரவு முழுக்க வளர்த்த செல்களை ஈ.டி.டி.ஏ. கரைசலில் கழுவி, இளஞ்சூட்டில் இருக்கும் குறைந்த உருகுநிலை அகரோஸோடு கலந்து, சிறிய அச்சுகளில் ஊற்றி, வில்லைகளாக உறையவிட வேண்டும். செல் சுவரைச் சைமோலேஸ் அல்லது லைட்டிகேஸ் தின்ன வேண்டும். இந்தக் கட்டத்தில் மெர்காப்டோஎத்தனால் நாற்றம் அறையை நிறைக்கும். அப்புறம் 50 டிகிரியில் புரோட்டினேஸ் கே, பிறகு நிதானமாகப் பலமுறை கழுவல். டி.என்.ஏ. வில்லைக்குள்ளேயே பத்திரமாக இருப்பதால் எங்கும் உடைவதில்லை. ஈ.டி.டி.ஏ.வில் 4 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஓட்டம்தான் பொறுமையைச் சோதிக்கும். பஃபர் 14 டிகிரியில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், பெரிய குரோமோசோம்கள் பிரிய குறைந்த வோல்டேஜில் இரண்டு மூன்று நாள் ஆகும். நடுவில் கரண்ட் போய் பம்ப் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

இவ்வளவு சிரமத்துக்குப் பலன் என்ன? குரோமோசோம்களை நேராகப் பார்க்கிறீர்கள். எந்தக் கணக்கீடும் நடுவில் இல்லை. ஒரே ஜோடியின் இரண்டு பிரதிகள் எம்.ஆர்.எஸ். நீளத்தால் வேறுபட்டால் ஒரு பட்டைக்குப் பதில் இரண்டு பட்டை. ரைபோசோம் யூனிட் பத்து குறைந்தால் குரோமோசோம் ஆர் 120 கிலோபேஸ் சுருங்கி இடம் மாறும். இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தால், மொத்த டி.என்.ஏ. ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், இதுவரை இல்லாத அளவில் புதுப் பட்டை வரும். கீழே வரப்போகிற ஷார்ட்-ரீட் முறைக்கு இது பெரும்பாலும் தெரியாது.

குறைகளும் சொல்ல வேண்டும். குரோமோசோம் ஆர்-உம் 2-உம் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். மூன்றாவது பிரதி இருக்கிறதா என்பதைப் பட்டையின் பளிச்சில் கண்டுபிடிக்கலாம் என்பார்கள்; இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் சொல்வதை நான் நம்புவதில்லை. இரண்டு கிலோபேஸ் ஆர்.பி.எஸ். ஒன்று கூடினால் ஒரு மெகாபேஸ் குரோமோசோமில் அது தெரியவே தெரியாது. பல யூனிட்கள் மாறியிருந்தால்தான் கண்ணுக்குப் படும். இன்னொரு பொறி ஐசோகுரோமோசோம் 5எல். குரோமோசோம் 5இன் சென்ட்ரோமியர் இடது நுனியிலிருந்து சுமார் 470 கிலோபேஸில் இருக்கிறது. அப்படியானால் இரண்டு இடது கை சேர்ந்தால் சுமார் 0.94 மெகாபேஸ். குரோமோசோம் 7 எவ்வளவு? 0.95. எம்.ஆர்.எஸ்.சால் 7இன் நீளம் வேறு ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறும். கீழே தெரியும் கூடுதல் பட்டை நீளம் மாறிய 7ஆ, ஐசோகுரோமோசோமா என்று வெறும் ஜெல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் சதர்ன் பிளாட். ஜெல்லிலிருந்து டி.என்.ஏ.வைச் சவ்வுக்கு மாற்றி, இ.ஆர்.ஜி.11 போன்ற இடது கை ஜீன் ஒன்றால் துழாவினால், சாதாரணக் குரோமோசோம் 5 இருக்கும் 1.19 மெகாபேஸ் இடத்தில் ஒரு சமிக்ஞையும், ஐசோகுரோமோசோம் இருந்தால் 0.94 அருகே இன்னொன்றும் வரும். விஷயம் முடிந்தது. எம்.ஆர்.எஸ்.சின் நீளத்தையே அளக்க வேண்டுமென்றால் ஆர்.பி.எஸ்.சை வெட்டாமல் அதன் இருபுறமும் வெட்டும் என்சைம் ஒன்றால் வெட்டி, ஆர்.பி.எஸ். துண்டால் துழாவலாம். எஸ்.எஃப்.ஐ.1 என்ற என்சைமுக்கு எதிர்க்குணம். அதன் வெட்டிடம் ஆர்.பி.எஸ்.சுக்குள்ளேயே இருப்பதால் மொத்தக் குரோமோசோமையும் பெரிய துண்டுகளாகப் பிரித்துவிடும். மகீ குழு 1993இல் இந்த ஜீனோமின் முதல் வரைபடத்தைப் போட்டதே அதை வைத்துத்தான்.

டேவிட் சோல் ஆய்வகத்தின் சிஏ3 என்ற துழாவியையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்குள் ஆர்.பி.எஸ். இருப்பதால் எந்த ஸ்ட்ரெயினின் டி.என்.ஏ.விலும் பல பட்டைகளைக் காட்டும், கைரேகை மாதிரி. கேண்டிடா அல்பிகன்ஸ் பல கிளைகளாகப் பிரிந்திருப்பது அந்தப் பட்டைகளில்தான் முதலில் தெளிவானது: 1, 2, 3, தென்னாப்பிரிக்காவில் அதிகம் காணப்பட்ட எஸ்.ஏ., ஐரோப்பாவின் ஈ. இன்று அந்த வேலைக்கு யாரும் சிஏ3யைத் தேட வேண்டியதில்லை. ஏழு ஜீன் துண்டுகளைப் படிக்கும் எம்.எல்.எஸ்.டி. 2003லிருந்து இருக்கிறது, முடிவை உலகில் யாரோடும் ஒப்பிடலாம். குட்டி மீள்வரிசைகளின் நீளத்தை ஒப்பிடும் மைக்ரோசாட்டலைட் முறை இன்னும் மலிவு. உங்கள் பன்னிரண்டு ஸ்ட்ரெயினும் உண்மையில் ஒரே வம்சமா, நடுவில் நோயாளிக்கு வேறொரு ஸ்ட்ரெயின் தொற்றியதா என்று தெரிய இவை போதும், அதை முதலில் செய்துவிடுவது நல்லது. குரோமோசோம் எண்ணிக்கை, அமைப்பு பற்றி இவை வாய் திறக்காது.

ஃப்ளோ சைட்டோமெட்ரியும் ஒரு வரிக் கருவிதான். செல்லில் உள்ள மொத்த டி.என்.ஏ.வை அளக்கும். இரட்டைச் செட் நாலு செட்டாகிவிட்டதா என்று பார்க்க அருமையானது; ஃப்ளூகோனசோலில் வளர்க்கும்போது இப்படி ஆவது உண்டு. ஆனால் ஒரு குரோமோசோம் 5 கூடினால் மொத்தம் எவ்வளவு கூடும்? 28.6 மெகாபேஸில் 1.19, அதாவது சுமார் 4 சதவீதம். கருவி அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட ஜீனின் பிரதி எண்ணிக்கை மட்டும் தேவையென்றால் குவான்டிட்டேட்டிவ் பி.சி.ஆர். போதும், குரோமோசோமுக்கு இரண்டு ஜீன் வைத்து, இடது கைக்கு ஒன்று வலது கைக்கு ஒன்று என்று பார்த்தால் ஐசோகுரோமோசோமைக்கூடப் பிடித்துவிடலாம்.

சரி, ஷார்ட்-ரீட். இல்லுமினா போன்ற கருவிகள் 150 எழுத்து நீளத்தில் கோடிக்கணக்கான துண்டுகளைத் தரும். ரீட் என்பது இப்படிப் படித்த ஒரு துண்டு. இந்த ஈஸ்ட்டின் ஜீனோம் சிறியது, ஒரே ஓட்டத்தில் பல ஸ்ட்ரெயின்களைப் போடலாம், ஒரு ஸ்ட்ரெயினுக்கான செலவு இறங்கிவிடும். டி.என்.ஏ. எடுப்பதும் சாதாரண வேலை. வெளியே அனுப்பிச் செய்துகொள்ளும் இடங்களும் நிறைய. இதனால்தான் எல்லா ஸ்ட்ரெயினுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஆழம், அதாவது ஒரே இடத்தின்மேல் எத்தனை ரீட்கள் விழுகின்றன என்பது, ஒரு சாட்சி. ஒரு குரோமோசோமுக்கு மட்டும் ரீட்கள் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு வந்தால் மூன்றாவது பிரதி இருக்கிறது. இரண்டாவது சாட்சி அல்லீல் விகிதம், அதாவது ஒரே இடத்தில் ஜோடியின் பிரதிகள் காட்டும் வெவ்வேறு எழுத்துகளின் விகிதம். இது இன்னும் அழகு. ஆய்வகங்களில் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் எஸ்.சி.5314 போன்ற ஸ்ட்ரெயினில் சில நூறு எழுத்துக்கு ஒன்று வீதம் ஜோடியின் இரண்டு பிரதிகளும் வேறுபடும். சாதாரண நிலையில் அந்த இடங்களில் பாதி ரீட் ஒரு எழுத்தையும் பாதி மற்றதையும் காட்டும். மூன்று பிரதி என்றால் இரண்டுக்கு ஒன்று. ஐசோகுரோமோசோம் 5எல் ஒன்று சேர்ந்திருந்தால் இடது கை முழுக்க மூன்றுக்கு ஒன்று, சென்ட்ரோமியரைத் தாண்டியதும் சட்டென்று பாதிக்குப் பாதி. அந்தப் படியைப் பார்த்தால் வேறு சாட்சி தேவையே இல்லை. பெர்மன் குழு 2014இல் வெளியிட்ட ஒய்-மேப் என்ற மென்பொருள் இரண்டு சாட்சிகளையும் எட்டுக் குரோமோசோம் படமாகவே வரைந்து தந்துவிடும். ஆழக் கணக்கைக் கெடுக்கும் ஜி-சி விகிதச் சாய்வையும் குரோமோசோம் நுனிச் சாய்வையும் அதுவே திருத்தும். கூடவே இ.ஆர்.ஜி.11, டி.ஏ.சி.1 போன்றவற்றில் எழுத்து மாறியிருக்கிறதா என்பதும் அதே டேட்டாவில் வந்துவிடுகிறது. ஜெல் இதைத் தராது.

ஆனால் இந்தக் கருவி மீள்வரிசையில் குருடு. 150 எழுத்துத் துண்டு ஆர்.பி.எஸ்.சுக்குள் விழுந்தால் அது எந்தக் குரோமோசோமிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். தனித்த பகுதிகளில் ஆழம் 60, அதாவது பிரதிக்கு 30. ஆர்.பி.எஸ். மேல் ஆழம் 6000. அப்படியானால் செல்லில் மொத்தம் சுமார் 200 ஆர்.பி.எஸ். இருக்கிறது. முதல் ஸ்ட்ரெயினில் 200, கடைசியில் 160 என்று வந்தால் ஏதோ சுருங்கியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். எந்தக் குரோமோசோம், எந்தப் பிரதி? பதில் இல்லை. அதேபோல் எம்.ஆர்.எஸ்.சில் உடைந்து இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றியிருந்தால், உடைப்பின் இருபுறமும் ஒரே மாதிரியான வரிசை என்பதால், அங்கே எதுவும் நடக்காதது போலவே ரீட்கள் அமைதியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு முழுக் குரோமோசோம் ஏற்கனவே ஒருபடியாகி, இரண்டு பிரதிகளும் ஒரே எழுத்தாக இருந்தால் அல்லீல் சாட்சியும் போய்விடும். ஆழம் ஒன்றுதான் மிச்சம்.

அடுத்தது லாங்-ரீட். இப்போது எல்லாரும் கேட்பது இதைத்தான், ஆய்வுக் கட்டுரைக்கு வரும் விமர்சனங்களில் "நானோபோர் செய்யவில்லையா?" என்று ஒரு லாங்-ரீட் முறையைப் பேர் சொல்லிக் கேட்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. எம்.ஆர்.எஸ்.சைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானது. ஆனால் லாங் என்றால் எவ்வளவு லாங் என்று கணக்குப் பார்க்காமல் இறங்கக் கூடாது. ஆர்.பி.எஸ். இருபது இருக்கும் ஒரு எம்.ஆர்.எஸ்.சை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆர்.பி.2க்கு 6, ஹோக்குக்கு 8, நடுவில் 40க்கு மேல். மொத்தம் சுமார் 55 கிலோபேஸ். ஒரு ரீட் நடுப்பகுதியைத் தாண்டினால் மட்டும் போதாது. ஆர்.பி.2வும் ஹோக்கும்கூட எல்லாக் குரோமோசோம்களிலும் இருப்பவைதானே! இரண்டையும் தாண்டி, இருபுறமும் அந்தக் குரோமோசோமுக்கே உரிய வரிசைக்குள் கால் ஊன்ற வேண்டும். ஆக 60 கிலோபேஸ் ரீட் வேண்டும். அதுவும் ஒன்று போதாது, இரண்டு பிரதிகளுக்கும் தனித்தனியாகச் சில வேண்டும்.

சராசரி 15, 20 கிலோபேஸ் ரீட் வரும் ஓட்டத்தில் இது கிடைப்பது அதிர்ஷ்டம். இன்னொரு லாங்-ரீட் முறையான பேக்பயோவின் ஹைஃபை ரீட்கள் துல்லியத்தில் சிறந்தவை, ஆனால் அந்த நீளத்திலேயே நின்றுவிடும். ஆர்.பி.எஸ். யூனிட்களுக்குள் சிறு எழுத்து வித்தியாசங்கள் இருந்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று கோக்கலாம்; எல்லாம் அச்சடித்தாற்போல் இருந்தால் கோக்க முடியாது. எனவே எம்.ஆர்.எஸ்.சுக்கென்றால் நானோபோர் பக்கம்தான் என் சாய்வு, அதுவும் டி.என்.ஏ. அறுபடாமல் எடுக்கத் தெரிந்தவர்கள் கையில். வோர்டெக்ஸ் கூடாது. நுனி அகன்ற டிப் கொண்டு மெதுவாக உறிஞ்ச வேண்டும். கண்ணாடி மணிகளைப் போட்டுச் செல்லை உடைக்கும் வழக்கமான முறையை மறந்துவிட வேண்டும், என்சைமால்தான் சுவரைக் கரைக்க வேண்டும். செஃப் ஜெல்லுக்கென்று வில்லை செய்து பழகியவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கனவே தெரியும். வில்லையிலிருந்து டி.என்.ஏ.வை மீட்டே சீக்வென்ஸ் செய்யலாம்.

தரவு வந்த பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது. ரீட்களை ஒட்டி ஜீனோமைக் கட்டும் மென்பொருள், நாலு ஆர்.பி.எஸ். உள்ள பிரதியையும் இருபது உள்ள பிரதியையும் ஒன்றாக்கி, ஒரு சமரச எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். படம் அழகாக இருக்கும், இரண்டு பிரதியுமே அப்படி இருக்காது. கட்டிய வரிசையை நம்பாமல், இருபுறமும் ஊன்றிய மூல ரீட்களை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆர்.பி.எஸ்.சை எண்ணிப் பாருங்கள். இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் இரண்டு பிரதி. எல்லாரும் ஒப்பிடப் பயன்படுத்தும் பழைய மேற்கோள் ஜீனோமில் எம்.ஆர்.எஸ். இருக்கும் நீளத்தையும் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறுகிய துண்டுகளிலிருந்து கட்டிய காலத்தில் இந்த இடங்கள் சரியாக அவிழவில்லை.

இப்போது முடிவுக்கு வருவோம். உங்கள் கேள்வி மருந்து எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதானால், ஷார்ட்-ரீட் எடுத்து ஒய்-மேப்பில் போடுங்கள். ஃப்ளூகோனசோல் எதிர்ப்பில் நாம் வழக்கமாகத் தேடும் கூடுதல் குரோமோசோம், ஐசோகுரோமோசோம், ஒருபடியாதல், எழுத்து மாற்றம் எல்லாம் அதில் வந்துவிடும். இதற்குப் போய் நானோபோர் வாங்குவது பணத்தை வீணாக்குவதுதான். பணமே இல்லை, ஆனால் பக்கத்துத் துறையில் செஃப் கருவி தூசு படிந்து கிடக்கிறது என்றால், ஜெல்லும் இரு கைகளுக்கான பி.சி.ஆரும் சேர்ந்தே கௌரவமான விடையைத் தரும். கேள்வி மீள்வரிசையைப் பற்றியதே என்றால், நோயாளியின் உடலுக்குள் எம்.ஆர்.எஸ். நீளம் எப்படி மாறியது, நீண்ட பிரதிதான் தொலைந்ததா என்பது போன்றவை, ஷார்ட்-ரீட்டில் தொடங்கவே வேண்டாம். எல்லா ஸ்ட்ரெயினுக்கும் வில்லை செய்து ஒரே ஜெல்லில் பக்கம் பக்கமாக ஓட்டுங்கள். பட்டை நகர்ந்த இடம் தெரிந்ததும், நகர்வதற்கு முந்தையது, நகர்ந்தது என்று இரண்டை மட்டும் நானோபோருக்கு அனுப்புங்கள். பன்னிரண்டையும் அனுப்பி அரைகுறை நீளத்தில் வாங்குவதைவிட இரண்டை அனுப்பி நீளமாக வாங்குவது மேல்.

நீங்கள் வைத்திருப்பது கேண்டிடா ஆரிஸ் என்றால் இந்தக் கணக்கு மாறும். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து விவரிக்கப்பட்டு, பிறகு மருத்துவமனைகளை உலுக்கிய இனம் அது. ஒற்றைச் செட், ஏழு குரோமோசோம், எம்.ஆர்.எஸ். கிடையாது. ஒற்றைச் செட் என்பதால் அல்லீல் விகிதச் சாட்சியும் கிடையாது. ஆனால் கிளைக்குக் கிளை குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன, இரண்டாம் கிளை நுனிப் பகுதிகளில் சிலவற்றையே இழந்திருக்கிறது. தாண்டிச் செல்ல 55 கிலோபேஸ் சுவர் எதுவும் இல்லாததால் சாதாரண நீள லாங்-ரீட்டே குரோமோசோமை நுனி முதல் நுனி வரை கட்டிவிடும். அங்கே நான் நேராக லாங்-ரீட்டுக்குத்தான் போவேன்.

எந்த முறையானாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததைத் தேய்த்து, ஒரு காலனியைப் பொறுக்கி, அதை நாலு முறை பிளேட் மாற்றி வளர்த்த பிறகு டி.என்.ஏ. எடுத்தால், நீங்கள் பார்ப்பது நோயாளியின் ஈஸ்ட்டா, உங்கள் பிளேட்டின் ஈஸ்ட்டா என்ற சந்தேகம் தீராது. மருந்து இல்லாத பிளேட்டில் கூடுதல் குரோமோசோம் பாரமாகிவிடலாம், அதை உதறிய செல்கள் மற்றவற்றை முந்திவிடும். வில்லைக்கும் சீக்வென்சிங்குக்கும் ஒரே குழாய் வளர்ப்பிலிருந்து செல்களை எடுங்கள். அதே வளர்ப்பிலிருந்து ஒரு பங்கைக் கிளிசராலில் போட்டு மைனஸ் 80க்கு அன்றே அனுப்பிவிடுங்கள். காலனிகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தால் இரண்டு வகையிலும் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். குரோமோசோம் எண்ணிக்கை கலைந்த செல்கள் பெரும்பாலும் சின்னக் காலனிகளில்தான் அகப்படும்.